டாக்ஸி ஓட்டியது ஒரு குறையா?

கேள்வி: பிலிப் கிளாஸை நம் காலத்தின் பெரிய இசையமைப்பாளர் என்று எழுதியிருந்தீர்கள். 41 வயது வரை டாக்ஸி ஓட்டியும் குழாய் ரிப்பேர் செய்தும் பிழைத்தவர் அவர். இசையில் சரக்கு இருந்திருந்தால் அந்த நிலைமை வந்திருக்குமா? நாலைந்து சுரங்களையே திருப்பித் திருப்பி வாசித்தால் யார் காசு கொடுப்பார்கள்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: காசு கொடுத்தார்கள், ஐயா. 1976 நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் அவருடைய 'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்' என்ற ஓபரா, அதாவது பாடி நடிக்கும் இசைநாடகம், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. இயக்குநர் ராபர்ட் வில்சனோடு சேர்ந்து உருவாக்கியது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம், இடைவேளை கிடையாது. வேண்டும்போது எழுந்து போய்விட்டு வரலாம். டிக்கெட் மொத்தமும் விற்றுத் தீர்ந்தது. எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது சுமார் ஒரு லட்சம் டாலர் கடன். கிளாஸ் மறுபடி டாக்ஸி ஓட்டப் போனார்.

இதில் இசையின் குறை எங்கே இருக்கிறது? அரங்கு நிறைந்தாலும் நஷ்டம் வரும் கலை ஓபரா. பாடகர்கள், ஆடுபவர்கள், மேடை, விளக்கு, வாடகை எல்லாவற்றையும் டிக்கெட் பணம் மட்டும் ஈடுகட்டாது. பெரிய ஓபரா நிறுவனங்களே ஐரோப்பாவில் அரசு மானியத்தாலும் அமெரிக்காவில் நன்கொடையாலும்தான் நிற்கின்றன. 'சரக்கு இருந்தால் சம்பாதித்திருப்பார்' என்ற உங்கள் அளவுகோலைச் செவ்வியல் இசைமேல் வைத்தால், பெரிய பெயர்கள் பலவற்றை அடித்துவிட வேண்டியிருக்கும்.

அவருக்கு வேறு வழியே இல்லாமல் போகவும் இல்லை. 15 வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், பிறகு நியூயார்க்கின் ஜூலியார்டு இசைக்கல்லூரியில் படித்தவர், 1964இலிருந்து இரண்டு வருடம் பாரிஸில் புகழ்பெற்ற இசை ஆசிரியை நாதியா பூலான்ஜேயிடம் கடுமையான பயிற்சி பெற்றவர். இந்தப் படிப்போடு ஒரு கல்லூரியில் ஆசிரியராகப் போய் உட்கார்ந்திருக்கலாம். அவர் தலைமுறை அமெரிக்க இசையமைப்பாளர்கள் பலர் அதைத்தான் செய்தார்கள். கிளாஸ் செய்யவில்லை. 1968இல் சொந்தமாக ஒரு குழுவை அமைத்தார். மின் ஆர்கன், சாக்ஸபோன், புல்லாங்குழல் எல்லாம் ஒலிபெருக்கி வழியாக. இசை அரங்குகள் கூப்பிடவில்லை. அதனால் ஓவியக்கூடங்களிலும், கலைஞர்கள் குடியிருந்த பழைய கிடங்குகளிலும் வாசித்தார்கள். இன்னொன்றும் செய்தார், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: குழுவுக்காக எழுதியதை வேறு யாருக்கும் வாசிக்கக் கொடுக்கவில்லை. அந்த இசை வேண்டுமென்றால் இந்தக் குழுவைத்தான் அழைக்க வேண்டும். இசையின் பெயர் பரவப் பரவக் குழுவுக்கு வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். பால்டிமோரில் அப்பாவின் ரெக்கார்டு கடையில் வளர்ந்த பிள்ளை அவர். காசு கைமாறினால்தான் இசை கைமாறும் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்தவர்.

இந்த ஏற்பாடு நடக்க, வேண்டும்போது விட்டுவிட்டுக் கச்சேரிக்குக் கிளம்பக்கூடிய வேலைகள் தேவைப்பட்டன. டாக்ஸி, குழாய் வேலை, சக இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கோடு சேர்ந்து வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குவது எல்லாம் அதற்குத்தான். ஒருமுறை 'டைம்' பத்திரிகையின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ் வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஹியூஸ் பதறிப்போய், நீங்கள் கலைஞராயிற்றே என்றாராம். கலைஞன்தான், சில நேரம் குழாய்க்காரனும்கூட, வேலையை முடிக்க விடுங்கள் என்று பதில் சொன்னதாகக் கிளாஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பதறியது ஹியூஸ்தான், கிளாஸ் இல்லை. உங்கள் கேள்வியிலும் அதே பதற்றம் இருக்கிறது. கையால் உழைத்துச் சாப்பிட்டதைத் தோல்வி என்று எழுதுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

சரி, 'நாலைந்து சுரம்' விஷயத்துக்கு வருவோம். பாரிஸில் இருந்தபோது ஒரு படத்துக்காக ரவிசங்கர் அமைத்த இசையை மேற்கத்திய முறையில் எழுதித்தரும் வேலை அவருக்குக் கிடைத்தது. தாளக்கட்டு பிடிபடாமல் திணறியவருக்கு ரவிசங்கரும் தபலா மேதை அல்லா ரக்காவும் வழி காட்டினார்கள். அங்கிருந்து அவர் எடுத்துக்கொண்டது கூட்டிக்கொண்டே போகும் முறை. ஐந்து சுரம் கொண்ட ஒரு துண்டு சில தடவை வரும். அப்புறம் ஆறு, அப்புறம் ஏழு, பிறகு குறையும். கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் ஸ்ரோதோவக யதி (வளர்ந்துகொண்டே போவது), கோபுச்ச யதி (குறைந்துகொண்டே போவது) கேட்டுத் தலையாட்டும் நம் ரசிகருக்கு இது அந்நியமே இல்லை. திரும்ப வருவது அப்படியே வருகிறதா, ஒன்று கூடி வருகிறதா என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது ராட்டர்டாம் நகரம். அந்த நகரம் கேட்டுக்கொண்டதால் எழுதிய ஓபராதான் 'சத்தியாகிரகா', 1980இல் அங்கே அரங்கேறியது. தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டம்தான் கதை. பாடப்படுவது முழுக்க பகவத்கீதையின் சம்ஸ்கிருதம். கடைசி அங்கம் 1913 நியூகாஸில் நடைப்பயணம். சுரங்கத்தை விட்டு வெளியேறி நடந்த அந்தத் தொழிலாளர்களில் தமிழர்கள் ஏராளம். இது நாம் எப்போதோ கேட்டிருக்க வேண்டிய ஓபரா.

அதன் முடிவில் காந்தி பாடும் பாட்டை மட்டும் முதலில் கேளுங்கள். ஒரே ஆரோகணம் முப்பது தடவை மேலே ஏறுகிறது. சுரங்களைப் பார்த்தால் நம் தோடி ராகத்தின் சுரங்கள். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லை, ஆனால் அதே ஏழு. முப்பது தடவையும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அப்போதும் சரக்கில்லை என்று தோன்றினால் காரணத்தோடு எழுதுங்கள். முழுதாகப் பிரசுரிக்கிறேன்.