2003-இல் லட்சக்கணக்கானோர் எதிர்த்தும் ஈராக் போர் நடந்ததே, அந்தப் போராட்டத்தால் என்ன பயன்?

நியாயமான கேள்விதான். 2003 பிப்ரவரி 15 அன்று உலகெங்கும் நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். ரோமில் மட்டும் சுமார் 30 லட்சம் பேர் என்று கணக்கிட்டார்கள். ஆனாலும் மார்ச் 20-இல் பாக்தாத் மீது குண்டு விழுந்தது. போர் நிற்கவில்லை என்பது உண்மை, அதை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஆனால் பலரும் மறந்துவிடும் ஒன்று துருக்கி. அந்த நாட்டு மண் வழியாக வடக்கு ஈராக்கில் நுழைய அமெரிக்கா சுமார் 62,000 வீரர்களுக்கு அனுமதி கேட்டது. பல நூறு கோடி டாலர் உதவியும் தருவதாகச் சொன்னது. மார்ச் 1 அன்று துருக்கியின் தலைநகர் அங்காராவில் பெருங்கூட்டம் திரண்டு எதிர்த்தது. அதே நாளில் நாடாளுமன்றத்தில் 264 பேர் ஆதரித்தார்கள், 250 பேர் எதிர்த்தார்கள், 19 பேர் நடுநிலை வகித்தார்கள். நடுநிலை வகித்தவர்களையும் சேர்த்து, அவைக்கு வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்பது விதி, மூன்று வாக்கு குறைந்தது. தீர்மானம் தோற்றது. கடலில் காத்திருந்த அமெரிக்கப் படைக்கலக் கப்பல்கள் சூயஸ் கால்வாய் வழியாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

அப்புறம் பிரிட்டன். சிரியாவைத் தாக்கும் தீர்மானத்தை அதன் நாடாளுமன்றம் 2013 ஆகஸ்டில் 285-க்கு 272 என்று நிராகரித்தது. அந்த விவாதம் முழுக்க ஈராக்கின் நினைவுதான் பேசியது. பத்து வருடம் முன்பு லண்டன் தெருக்களில் நடந்தவர்களுக்கும் அந்த நினைவில் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.