அம்மாவ 7 கிலோ கேபின் பேக்கோட சிங்கப்பூர் அனுப்பணும், எதை வைக்கிறது எதை விடுறது?

தம்பி, உங்க அம்மா மொத தடவையா ஃப்ளைட் ஏறப் போறாங்க, தங்கச்சி பிரசவத்துக்குத் திருச்சிலேர்ந்து சிங்கப்பூர், டிக்கெட்ல 7 கிலோ கேபின் மட்டும்தான் இருக்கு, சொந்தக்காரங்க எல்லாம் ஆளுக்கொரு பொட்டலம் குடுத்து விடுறாங்க, என்ன செய்யன்னு கேட்டிருக்கீங்க. நான் காரைக்குடி. மக அங்கதான் இருக்கா, ரெண்டு பேரப்பிள்ளைக்கும் நான்தான் போய் இருந்து பாத்தேன். எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல வெறும் பெட்டிய எடை போடுங்க. இதை யாரும் சொல்ல மாட்டாங்க. மொத தடவ நான் கொண்டு போனது சக்கரம் வச்ச கெட்டிப் பெட்டி, அதுவே 3 கிலோவுக்கு மேல, அப்ப சாமானுக்கு மிச்சம் நாலு கிலோ கூட இல்ல. வீட்டுல எடை போடாமப் போயி கவுண்டர்ல வச்சா 9.8 காட்டுது. பின்னாடி அத்தன பேரு வரிசைல நிக்கிறாங்க, நான் தரைல உக்காந்து பெட்டியத் திறந்து சேலை, மாத்திரை, சீடைப் பொட்டலம்னு ஒண்ணொண்ணா வெளிய எடுக்குறேன், அழுகையே வந்துருச்சு. கடைசில காசு கட்டித்தான் ஏறினேன். அதுக்கப்புறம் 700 கிராம் எடைல ஒரு துணிப் பை வாங்கிட்டேன், அதுலேர்ந்து எனக்குப் பிரச்சனையே வரல. வீட்டுல ஆள் எடை பாக்குற மெஷின் இருந்தாப் போதும், பையோட ஒருக்கா ஏறி நில்லுங்க, பை இல்லாம ஒருக்கா நில்லுங்க, கழிச்சுப் பாத்தா தெரிஞ்சிரும். அம்மாவுக்கு 6.5 கிலோவோட நிறுத்துங்க, அங்க இருக்குற மெஷினும் நம்ம வீட்டு மெஷினும் ஒண்ணு போலவே காட்டாது.

ரூல் ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமில ஒரு பை 7 கிலோ, நீளம் அகலம் உயரம் மூணையும் கூட்டுனா 115 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், கூட ஒரு சின்னக் கைப்பை. ஏர்ஏசியால கைப்பையும் சேத்துத்தான் 7 கிலோ. ஸ்கூட்ல ரெண்டும் சேத்து 10. அதனால உங்க டிக்கெட்ல என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவ நல்லாப் படிச்சிருங்க. இன்னொண்ணு, பிரசவத்துக்குப் போறவங்க ரெண்டு மூணு மாசம் இருக்கப் போறாங்க, கீழ லக்கேஜ்ல போடுற செக்-இன் 20 கிலோ இப்பவே ஆன்லைன்ல சேத்துருங்க தம்பி, ஏர்போர்ட்ல போய்க் கட்டுனா ரொம்ப கூட ஆகும்.

இப்ப லேகியம். அதைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன், ஏன்னா உங்க வீட்டுலயும் கண்டிப்பா கிண்டுவாங்க. மூத்த பேத்தி பொறந்தப்ப எங்க ஆத்தா மூணு மணி நேரம் அடுப்படில நின்னு கருப்பட்டிப் பாகு, நல்லெண்ணெய், நெய்யெல்லாம் விட்டுக் கிண்டி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல அடைச்சு, வாய்க்குத் துணி கட்டிக் குடுத்தாங்க. நானும் உடைஞ்சிரக் கூடாதுன்னு கேபின் பைல வச்சேன். செக்யூரிட்டில அந்தப் பொண்ணு எடுத்து, ஒரு சாய்வு சாய்ச்சுப் பாத்தா, லேகியம் மெதுவா ஒரு பக்கம் இறங்குச்சு, "அம்மா இது ஜெல் கணக்கு, 100 மில்லிக்கு மேல விட முடியாது"ன்னு சொல்லி ஓரமா வச்சிட்டா. நல்ல மரியாதையாத்தான் சொன்னா. 2006ல லண்டன்ல திரவ வெடிகுண்டு சதியக் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் வந்த ரூல் அது, ஊத்துறது, தடவுறது, பிசுக்குன்னு நகர்றது எல்லாமே அதுல அடங்கும், ஊறுகா, நெய், தேன், தொக்கு எதுவா இருந்தாலும். பாட்டில் 100 மில்லிக்குள்ள இருக்கணும், 200 மில்லி பாட்டில்ல அடில கொஞ்சூண்டு இருக்குன்னாலும் விட மாட்டாங்க. ஆத்தாகிட்ட இதைச் சொல்லவே எனக்கு மனசு வரல, ஒரு வாரம் கழிச்சுத்தான் சொன்னேன்.

ஆனா ஆத்தாதான் வழியும் சொன்னாங்க. சுக்கு, திப்பிலி, ஓமம், மிளகு எல்லாத்தையும் வறுத்துப் பொடிச்சு சலிச்சுக் குடுத்துட்டாங்க, கால் கிலோ கூட வரல, கருப்பட்டியும் நெய்யும் அங்க தேக்கால, அதான் சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம், வாங்கி நானே கிண்டுனேன், ரெண்டாவது பேரனுக்கு அதுதான். அதுலேர்ந்து எல்லாத்துக்கும் இப்படித்தான் யோசிக்கிறேன், ஈரம் சேர்றதுக்கு முன்னாடி எந்த நிலைல இருக்கோ அப்படியே எடுத்துட்டுப் போயி மிச்சத்த அங்க போய்ச் செய்யணும். அரிசி, பருப்பு, கறிவேப்பிலை இதெல்லாம் தேக்காலயும் முஸ்தபா கடைலயும் கிடைக்குது, இங்கேர்ந்து சுமக்காதீங்க.

கசகசா மட்டும் வேணவே வேணாம். சிங்கப்பூர்ல அது தடை, துபாய்லயும் தடை, போதைப்பொருள் சட்டத்துல வருது. நம்ம பக்கத்து மசாலாப் பொடில கசகசா சேத்து அரைக்கிற வழக்கம் உண்டே, அதனால யாரு பொடி குடுத்து விட்டாலும் என்னென்ன போட்டு அரைச்சீகன்னு கேட்டு வாங்குங்க, தெரியலன்னா வாங்காதீங்க. உப்புக்கண்டமும் வேணாம், அவங்க அனுமதிச்ச நாட்டு இறைச்சிய மட்டும்தான் உள்ள விடுவாங்க. கொப்பரை கேபின்லயும் கூடாது செக்-இன்லயும் கூடாது, எண்ணெய் அதிகம், தானாவே சூடேறித் தீப்பிடிக்கிற பொருள்னு அதை வகைப்படுத்தி வச்சிருக்காங்க.

பலகாரத்துல சீப்பு சீடை, மணகோலம், தேன்குழல் எல்லாம் எடை கம்மி, ஆனா நொறுங்கும், அதிரசம் நொறுங்காது ஆனா கனம். எவர்சில்வர் சம்படத்துல போடாதீங்க, சம்படமே 300 கிராம் தின்னுரும், ஜிப் கவர்ல போட்டு சேலை மடிப்புக்குள்ள வைங்க. சேலைன்னதும் ஞாபகம் வருது, கண்டாங்கி ஒண்ணே ஒண்ணு போதும், அது கனம், அதனால ஏறுறப்பவே கட்டிக்கிடச் சொல்லுங்க. சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் பிள்ளைய முதல்ல தூக்கிட்டுப் போறப்ப கட்டிக்கிடலாம், 1859ல நம்ம நகரத்தார் கட்டுன கோயில் அது, அம்மாவுக்கு ஊர்ல இருக்குற மாதிரியே இருக்கும்.

செக்-இன் போட்டாலும் கேபின் பைல கண்டிப்பா இருக்க வேண்டியது பாஸ்போர்ட், டாக்டர் சீட்டோட மாத்திரை, ஒரு மாத்துத் துணி, நகை, சார்ஜர். இன்சுலின் போடுறவங்களா இருந்தா அதையும் கைலதான் வச்சிருக்கணும், கீழ லக்கேஜ்ல போட்டா குளிர்ல உறைஞ்சு கெட்டுப் போகலாம். பவர் பேங்க் கேபின்ல மட்டும்தான், 20,000 எம்ஏஹெச்னா 74 வாட் ஹவர் வரும், லிமிட் 100, அதனால பயமில்ல, ஆனா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் ரெண்டுலயும் 2025 ஏப்ரல்லேர்ந்து ஃப்ளைட்டுக்குள்ள அதுல சார்ஜ் போடக் கூடாது.

பொட்டலம் குடுக்குறவங்களக் கோவிச்சுக்காதீங்க. எங்க ஐயா ராஜுலா கப்பல்ல நாகப்பட்டினத்துலேர்ந்து பினாங்கு போனப்ப டிரங்குப் பெட்டி, ஊறுகா ஜாடின்னு போச்சாம், போனா மூணு வருஷம் கழிச்சுத்தான் திரும்புவாக, அந்தப் பழக்கம் இன்னும் நம்ம வீடுகள்ல இருக்கு. நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு கைப்பிடி மட்டும் வாங்கிக்கிட்டு, அங்க போனதும் மகள விட்டு ஃபோன்ல பேச வைப்பேன், அதுலயே அவங்களுக்கு நிறைஞ்சு போயிரும்.

லேகியப் பொடிக்கு அளவு வேணும்னா கேளுங்க தம்பி, ஆத்தாகிட்ட கேட்டு எழுதுறேன்.