டார்ச் லைட்டுக்கு 89 வெள்ளி சார்ஜர் வேண்டாம், கேபிளை மாற்றுங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போகிறவர். தலையில் கட்டிக்கொள்ளும் டார்ச் லைட்டைப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கியிருக்கிறார்கள், மகனின் மடிக்கணினியில் செருகித்தான் சார்ஜ் போட்டு வந்தார்களாம். கூடவே வந்த கேபிள் அறுந்துபோனதால் இப்போது மகனுடைய கைப்பேசிக் கேபிளைப் போடுகிறார்கள், சிவப்பு விளக்கே எரிவதில்லை. டவுன் கைப்பேசிக் கடையில் காட்டினால், "கணினியில சார்ஜ் போட்டதால போர்டு வீக்காயிடுச்சு, 65 வாட் சார்ஜர் வாங்குங்க, 89 வெள்ளி" என்றிருக்கிறார்கள். கணினியும் சீக்கிரம் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் வேறு பயமுறுத்துகிறார்களாம். "எதை நம்புறது அண்ணே?" என்று கேட்கிறார்.

கடைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள் சகோதரி. பக்கத்து வீட்டுப் பயமும் வேண்டாம்.

கணினியின் யூஎஸ்பி துளையில் வருவது 5 வோல்ட். அகலமான பழைய துளை என்றால் 500 மில்லி ஆம்பியர், உள்ளே நீலமாக இருந்தால் பெரும்பாலும் 900 வரை கொடுக்கும். டார்ச், காதில் மாட்டும் புளூடூத், கழுத்தில் போடும் குட்டி ஃபேன், டிரிம்மர் மாதிரிச் சாமான்களுக்கு இது போதும். எவ்வளவு மின்சாரம் இழுப்பது என்று முடிவு செய்வது டார்ச்சுக்குள் இருக்கும் சர்க்யூட்தான், கணினி எதையும் உள்ளே திணிப்பதில்லை. தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் செம்பு கொள்கிற தண்ணீர்தானே செம்பில் நிற்கும். 65 வாட் சார்ஜரில் மாட்டினாலும் இந்த டார்ச்சுக்கு அதே 5 வோல்ட்தான் வரும், ஏனென்றால் அதிகம் கேட்டு வாங்குகிற வசதி அதில் கிடையாது. கணினியில் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். மெதுவாக ஏறினால் சூடு குறைவு, பேட்டரிக்கு அது நல்லதுதான். கணினிக்கும் ஆபத்து இல்லை, அளவுக்கு மேல் இழுத்தால் அந்தத் துளையை அதுவே நிறுத்திவிடும்.

அப்படியென்றால் ஏன் விளக்கு எரியவில்லை? இப்போது போடுகிற கேபிள் வகை டார்ச்சுக்கு ஒத்துவரவில்லை என்றுதான் நினைக்கிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் ஊர் ஊராகக் காசு பிடுங்குகிறார்கள்.

மகனின் கைப்பேசிக் கேபிளை எடுத்துப் பாருங்கள். இரண்டு முனையும் ஒரே மாதிரி, சின்னதாக, முட்டை வடிவில் இருக்கும். டைப் சி என்பார்கள். இந்த வகைக் கேபிள் போட்டால், எதிரே ஒரு சாமான் மாட்டியிருக்கிறது என்று உறுதியாகத் தெரிகிறவரை கணினி மின்சாரத்தையே திறக்காது. அந்த அடையாளத்தைக் கொடுப்பது சாமானுக்குள் சி துளையை ஒட்டி வைக்கவேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்) இரண்டு. எள்ளளவுதான் இருக்கும், மொத்தமாக வாங்கினால் இரண்டும் சேர்ந்து ஐந்து காசுகூட ஆகாது. மலிவு டார்ச், மலிவு ஃபேன் செய்கிறவர்களில் பலர் அதைக்கூட மிச்சம் பிடித்து வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்போது கணினி கதவைத் திறப்பதில்லை, டார்ச் செத்த மாதிரி கிடக்கிறது. உங்களுடையதும் இந்த ரகம்தான் என்று நினைக்கிறேன். கைப்பேசி மட்டும் அதே கேபிளில் ஒழுங்காக ஏறும், அதனால் கேபிள் மேல் யாருக்கும் சந்தேகமே வராது.

அறுந்துபோன பழைய கேபிளின் ஒரு முனை அகலமாக, சப்பையாக இருந்திருக்கும். கணினியின் அகலத் துளையில் 5 வோல்ட் எப்போதும் இருக்கிறது, அடையாளம் எதுவும் கேட்காது, அதனால்தான் அன்றைக்கு ஏறியது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 89 வெள்ளி சார்ஜருடன் வருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் சி உள்ள கேபிள்தான். காசைக் கொட்டி வாங்கிப் போய் மாட்டினாலும் விளக்கு எரியாது, திரும்பவும் அதே கடைக்குப் போவீர்கள், "நான்தான் சொன்னேனே, போர்டு போச்சு" என்று அடுத்த பில் போடுவார்கள்.

ஒரு முனை அகலம், மறு முனை சி. அப்படி ஒரு கேபிள் சில வெள்ளிதான். வேறு யாரிடமாவது மடிக்கணினி புதுசு, அகலத் துளையே இல்லை என்றால், சி துளையில் செருகி அகலத் துளையாக மாற்றும் சின்ன கன்வெர்ட்டரும் மலிவாகவே கிடைக்கும், அதில் இந்தக் கேபிளை மாட்டுங்கள். தேவையான ரெசிஸ்டர் கன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்கும்.

டார்ச் பெட்டியில் பேட்டரியின் கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறதா? பொய். கைவிரல் நீளத்தில் உருளையாக இருக்கும் அந்த 18650 பேட்டரி, நல்ல கம்பெனி செய்ததே 3500 அளவில்தான் வரும், பாசார் மாலாம் சரக்கு அதில் பாதி கொடுத்தாலே பெரிது. வெளிச்சம் சீக்கிரம் மங்குவதற்குக் கணினியைக் குற்றம் சொல்லாதீர்கள்.

கணினி வேண்டாம் என்று சுவர் பிளக் பக்கம் போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு உருண்டைக் கால் உள்ள அடாப்டரை வாங்கி வந்து, நம் மூன்று ஓட்டை பிளக்கின் மேல் ஓட்டையில் பேனாவை விட்டு அழுத்திக்கொண்டு உள்ளே திணிக்கிறார்கள், எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். கால் சரியாகப் பிடிக்காமல் ஆடும், பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும். தயவு செய்து செய்யாதீர்கள். சுவரில் குத்தும் அடாப்டருக்கு சிரிம் என்னும் தரச்சான்று முத்திரை வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் முத்திரை இல்லாத சரக்கு வாராவாரம் விளக்கு வெளிச்சத்தில் பகிரங்கமாக விற்கிறது, இணையத்தில் இன்னும் மோசம், வந்து கேட்பாரையும் பிடிப்பாரையும் காண்பதே அரிது. முத்திரையைத் தேடிப் பார்க்கிற வேலையையும் வாங்குகிற ஏழையின் தலையிலேயே கட்டிவிட்டார்கள். சரி, புலம்பி என்ன ஆகப் போகிறது. அந்த அடாப்டரைவிட மகனின் மடிக்கணினி எவ்வளவோ பத்திரம்.

டார்ச்சில் சி துளை இல்லாமல் குச்சி மாதிரி உருண்டை முனை போகும் ஓட்டை இருந்தால் மட்டும் கதை வேறு. அதற்கென்று வந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் மாட்டாதீர்கள், கடையில் விற்கும் யூஎஸ்பி உருண்டை முனைக் கேபிளும் வேண்டாம். சில டார்ச்சுகளில் பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்டே கிடையாது, 5 வோல்ட் நேராகப் போய் பேட்டரியில் இறங்கும்.

கணினி தூங்கிவிட்டால் பெரும்பாலும் சார்ஜும் நின்றுவிடும், அதனால் மூடியைத் திறந்தே வையுங்கள், தூங்காதபடி செட்டிங்கில் மகனை மாற்றச் சொல்லுங்கள். ஒரு துளையை நாலாகப் பிரிக்கும் ஹப் வேண்டாம், நேராகக் கணினியிலேயே செருகுங்கள். கணவர் வேலை முடிந்து வந்ததும் டார்ச் துளையில் ஒட்டியிருக்கும் பாலையும் வேர்வையையும் உலர்ந்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பகலிலேயே மாட்டிவிடுங்கள், ராத்திரி முழுக்கப் போட்டுத் தூங்க வேண்டாம். மெத்தை மேல் வைக்காமல் மேசையில் வையுங்கள். சாயங்காலம் இடி முழங்க ஆரம்பித்தால் மடிக்கணினியின் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். டார்ச் கணினியின் சொந்த பேட்டரியிலிருந்து ஏறிக்கொண்டிருக்கட்டும், பாதகமில்லை.

கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டாலோ, பேட்டரி உப்பித் தெரிந்தாலோ அதோடு அந்த டார்ச்சை விட்டுவிடுங்கள். அகல முனைக் கேபிளை மாட்டிப் பார்த்தும் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால் போர்டு நிஜமாகவே போயிருக்கும், அதைப் பழுதுபார்க்கக் காசு கொடுக்காதீர்கள், அந்தக் காசுக்குப் புது டார்ச்சே வந்துவிடும்.