கணினி நேராக விண்டோஸுக்குள் போகிறது. லினக்ஸைத் தேர்ந்தெடுக்கும் மெனு காணவில்லை. அதை மீட்டு, விருப்பப்படி மாற்றுவது எப்படி?

முதலில் ஒரு வேண்டுகோள்: எதையும் மறுபடி நிறுவாதீர்கள். நான் அந்தத் தவற்றைச் செய்தவன். மெனு மறைந்த இரவில், லினக்ஸே அழிந்துவிட்டது என்று நானாக முடிவுகட்டி, விடியும்வரை உட்கார்ந்து முழுவதையும் புதிதாக நிறுவினேன். பழைய லினக்ஸ் கொஞ்சமும் கெடாமல் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. முந்தைய நாள் மதர்போர்டு அமைப்புகளை நானே பழைய நிலைக்குத் திருப்பியிருந்தேன். அதில் பூட் வரிசை (கணினி எதை முதலில் தொடங்கும் என்ற வரிசை) மாறி, விண்டோஸ் முதலிடத்துக்கு வந்திருந்தது, அவ்வளவுதான்.

யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்) உள்ள கணினிகளில் இரண்டு இயங்குதளங்களின் பூட் கோப்புகளும் பொதுவாக ஒரே சிறிய பார்ட்டிஷனில் (வட்டின் தனிப் பகுதியில்), தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கின்றன. எது முதலில் என்பதை மதர்போர்டு தன் நினைவகத்தில் வைத்திருக்கிறது. ஆகவே ஒன்று மற்றொன்றை முந்திக்கொள்வதுதான் வழக்கம், அழிப்பது அரிது. கணினியை இயக்கியதும் எஃப்2, எஃப்12, டெலீட் என உங்கள் மாடலுக்குரிய விசையை அழுத்தி, பூட் பட்டியலில் உபுண்டு, ஃபெடோரா என்று ஏதாவது பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அதை முதலிடத்துக்கு ஏற்றிச் சேமியுங்கள். பெரும்பாலும் இதற்குமேல் வேலை இருக்காது.

விண்டோஸில் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு இயங்கினால் இதைத் தொடும் முன்பே 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாற்றத்துக்குப் பிறகு விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

பெயரே இல்லையென்றால் லைவ் யுஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸை இயக்கும் பென்டிரைவ்) தேவை. அதையும் யுஇஎஃப்ஐ முறையிலேயே தொடங்குங்கள். லினக்ஸ் பார்ட்டிஷனையும், அதனுள் முன்சொன்ன சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுன்ட் செய்து (திறந்து இணைத்து), டெவ், ப்ராக், சிஸ் ஆகிய கோப்புறைகளை இணைத்து, சிஎச்ரூட் என்ற கட்டளை வழியாக அந்த லினக்ஸுக்குள் நுழைந்து கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் இரண்டையும் ஓட்ட வேண்டும். கிரப் என்பதுதான் நாம் தேடும் மெனுவைக் காட்டும் மென்பொருள். சிஸ் கோப்புறையை உட்கோப்புறைகளோடு சேர்த்து இணையுங்கள். இல்லாவிட்டால் கிரப் நிறுவப்படும், ஆனால் பூட் பட்டியலில் அதன் பெயர் ஏறாது. உபுண்டு வகை என்றால் பூட்-ரிப்பேர் என்ற கருவி இவ்வளவையும் தானே செய்துவிடும்.

மெனு வந்தும் அதில் விண்டோஸ் இல்லையா? 2021இல் வெளியான கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. எட்சி கோப்புறையில் டிஃபால்ட் என்பதற்குள் இருக்கும் கிரப் கோப்பைத் திறந்து, கிரப் டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர் என்ற வரிக்கு ஃபால்ஸ் என்று மதிப்புக் கொடுங்கள். வரி இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள்.

மற்ற மாற்றங்களும் பெரும்பாலும் இதே கோப்பில்தான். டைம்அவுட் என்பது மெனு காத்திருக்கும் விநாடிகள். -1 என்று கொடுத்தால் நீங்கள் தேர்ந்தெடுக்கும்வரை நகராது. டிஃபால்ட் மதிப்பை சேவ்ட் என்றும், சேவ்டிஃபால்ட் மதிப்பை ட்ரூ என்றும் வைத்தால் கடைசியாகத் தேர்ந்தெடுத்ததே அடுத்த முறையும் முன்னிற்கும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மாற்றியபின் உபுண்டு வகைகளில் அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். அது உருவாக்கும் கிரப்.சிஎஃப்ஜி கோப்பில் கைவைக்காதீர்கள். அடுத்த கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) வந்ததும் உங்கள் உழைப்பு மேலெழுதப்பட்டுவிடும்.

விண்டோஸ் மெனுவின் உச்சியில் வரவேண்டும் என்றால், கிரப்.டி கோப்புறையில் ஓஎஸ்-ப்ரோபர் கோப்புப் பெயரின் முன்னுள்ள 30ஐ 09 ஆக்குங்கள். எண் வரிசையில்தான் அப்டேட்-கிரப் மெனுவை எழுதுகிறது, ஆகவே அதை மறுபடி ஓட்டுங்கள். மெனு வரிகளை எண்ணுவது 0இலிருந்து தொடங்குவதால், டிஃபால்ட் 0 என்று இருந்தால் இனி தானாகத் திறப்பது விண்டோஸ்தான்.