பழைய காரின் கதவில் துரு: பட்டி போட்டு மூடினால் போதுமா?

மாருதி 800 காரின் கதவு அடிப்பகுதியில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது, வீட்டிலேயே பட்டி பூசிச் சரிசெய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் செய்யலாம், ஆனால் பட்டி மட்டும் போதாது. தூத்துக்குடியின் உப்புக்காற்றில் 1998 ஆம் ஆண்டு 800 ஒன்றை வைத்துப் பராமரித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கதவின் அடியில் எழும் கொப்புளம் பெரும்பாலும் உள்ளிருந்து வருவது. இரும்பு துருவாகும்போது பருமன் கூடுவதால், மேலுள்ள பெயிண்டை அது தள்ளி எழுப்புகிறது.

என் காரில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத்தான் கொப்புளம் தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தியதும் அந்த இடம் அப்பளம் போல நொறுங்கியது. சுரண்டிக்கொண்டே போய் நல்ல தகரம் தென்படுவதற்குள் ஓட்டை உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது. முன்பு ஒரு பட்டறையில் துருவின் மேலேயே பட்டி பூசியிருந்தார்கள். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்று உள்ள துளைகளை வேப்பஞ்சருகும் மண்ணும் ஈரத்தோடு அடைத்துக்கொண்டிருந்தன. கண்ணாடி இடுக்கு வழியே இறங்கும் மழைநீர் வெளியேற வழியில்லாமல் தகரத்தை உள்ளிருந்தே தின்றிருக்கிறது. எனவே எதற்கும் முன்பாக அந்தத் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

ஓட்டை விழாத இடங்களில், கம்பி பிரஷும் 80 ஆம் எண் உப்புத்தாளும் கொண்டு பளிச்சென்ற தகரம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிகளில் தங்கிவிடும் கரும்புள்ளிகளுக்கு மட்டும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டரை (துருவை மேலும் பரவாத படலமாக மாற்றும் திரவம்) தடவுங்கள். உதிரும் துருவின் மேல் அதைப் பூசிப் பயனில்லை. அது காய்ந்ததும், டப்பாவில் சொல்லியபடி துடைத்துவிட்டு, அன்றைக்கே எப்பாக்ஸி பிரைமர் (ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும். கடலோர ஊரில் வெறும் தகரம் ஓர் இரவிலேயே பழுப்பேறிவிடும். பட்டி ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால் பிரைமருக்கு மேல்தான், அதுவும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மிகாமல் போட வேண்டும், தண்ணீர் விடாமல் உலர்வாகவே தேய்க்க வேண்டும். பட்டி இறுகுவதற்காக அதில் சேர்க்கும் ஹார்டனரை அளவுக்கு மேல் கலந்தால் பிறகு பெயிண்டில் கறை எழும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

ஓட்டை விழுந்த இடத்தில் பட்டியை நம்பவே வேண்டாம். துருவேறிய பகுதியை நல்ல தகரம் வரை வெட்டி எடுத்து, ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் தகரத்தில் ஒட்டு வெட்டிப் பற்றவைக்க வேண்டும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் நான் டிங்கரை வீட்டுக்கு வரவழைத்தேன். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கதவின் உட்பக்க அட்டை, கண்ணாடி, ஒயர் எல்லாவற்றையும் முன்கூட்டியே நான் எடுத்துவைத்திருந்தேன். அவர் ஒரே கோடாக வெல்டிங் இழுக்காமல், சூட்டில் தகரம் நெளியாதிருக்க இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்தார். அந்தச் சூட்டில் உட்புறப் பெயிண்ட் கருகிப்போகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனவே வெளியே பெயிண்ட் அடித்து முடித்த பிறகு, கதவின் உள்ளே துருத்தடுப்பு மெழுகைத் தெளித்து, வடிதுளைகளை அது அடைத்துவிடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

துரு ரன்னிங் போர்டிலோ (கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பாடிப் பகுதி), சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலோ, சீட் பெல்ட் பூட்டும் இடத்திலோ இருந்தால் மட்டும் வீட்டில் கைவைக்காதீர்கள். இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது; பாரத்தைத் தாங்குவதே அந்தத் தகரம்தான்.