குளூட்டன் இல்லாச் சமையல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோதுமையை நிறுத்தி இரண்டு மாதங்கள் ஆகின்றன; வயிற்று உப்புசம் நன்றாகக் குறைந்துள்ளது. இனியும் இரத்தப் பரிசோதனை தேவையா? (கோவை வாசகர்)

பதில்: தேவைதான், ஆனால் முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டீர்கள். கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள புரதமே குளூட்டன்; அதை உண்டால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்குவது சீலியாக் நோய். அந்நோயைக் காட்டிக்கொடுக்கும், இரத்தத்தில் அளக்கும் டிடிஜி எதிர்ப்பொருள், குளூட்டன் தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும் உடலில்தான் தெளிவாகத் தென்படும். கோதுமையை நிறுத்தியதும் அது இறங்கத் தொடங்கிவிடுவதால், இப்போது எடுக்கும் சோதனை நோய் இருந்தும் இல்லை என்று சொல்லிவிடக்கூடும். குடல் மருத்துவர் ஒப்புக்கொண்டால், நாள்தோறும் இரண்டு சப்பாத்தி வீதம் ஆறு வாரம் போல உண்ட பிறகே சோதனைக்குச் செல்ல வேண்டியிருக்கும். டிக்யூ2, டிக்யூ8 மரபணுச் சோதனைக்கு மட்டும் இந்த நிபந்தனை இல்லை. இரண்டுமே இல்லாதவருக்குச் சீலியாக் வருவது மிக அரிது. உப்புசம் குறைந்ததைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்ற, எளிதில் செரிக்காத மாவுப்பொருள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அப்படித்தான் குறையும். பல முறை எழுதியதையே மீண்டும் எழுதுகிறேன்: பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கோதுமைதான் கூடாது என்றார்கள், ரவை, சேமியா சாப்பிடலாம் அல்லவா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: ரவை எதிலிருந்து வருகிறது என்று எண்ணினீர்கள்? உப்புமா ரவை, மைதா, சேமியா, சம்பா ரவை ஆகிய நான்கும் கோதுமையே. அரிசிச் சேமியா என்று வாங்கினாலும் பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் கேழ்வரகு என்றிருக்கும் சேமியாவில் பின்பக்கச் சிறிய எழுத்தில் மைதா இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுப்பது, தாராளமாக உண்ணலாம்.

கேள்வி: என் மகளுக்குச் சீலியாக் உறுதியாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட் எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. சோறு, சாம்பார், ரசம், பொரியல் மட்டுமே. எனினும் டிடிஜி அளவு இறங்க மறுக்கிறது. ஏன்? (திருச்சி வாசகி)

பதில்: அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காய டப்பாவை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் பிசின் அதில் ஒரு பங்கே. மீதி கோந்தும் மாவும். அந்த மாவு சில தயாரிப்புகளில் அரிசி மாவு, பலவற்றில் கோதுமை மாவு அல்லது மைதா. கட்டியாக வாங்கினால் கலப்பில்லாதது என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. கட்டியும் பெரும்பாலும் மாவு சேர்த்துப் பிசைந்து எடுத்ததுதான்.

ஒரு சிட்டிகையில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்காதவரே இல்லை என்பதால் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். நான்கு பேருக்கான சாம்பாரில் ஒரு கிராம் பெருங்காயத் தூள் விழுகிறது என்றும், அதில் பாதி மைதா என்றும் கொள்வோம். மைதாவில் பத்தில் ஒரு பங்கு போல குளூட்டன் உண்டு. ஆக அந்தச் சாம்பாரில் 50 மில்லிகிராம், ஆளுக்கு 12 அல்லது 13. ரசத்தில் இன்னொரு பங்கு, பொரியல் தாளிப்பில் இன்னொன்று, இரவு இட்லிப் பொடியில் மற்றொன்று. சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோர் நாளொன்றுக்குப் 10 மில்லிகிராம் வரை தாங்குவர். தினமும் 50 மில்லிகிராம் உண்டால் குடலில் சத்தை உறிஞ்சும் நுண்விரல் போன்ற உறிஞ்சிகள் சேதமடையத் தொடங்கும். ரொட்டியின் வாடையே படாத தங்கள் மகள் நாள்தோறும் அந்த எல்லையைத் தொட்டுவிட முடியும்.

இதில் எனக்குள்ள ஆற்றாமை பழையது. மருத்துவமனைகளில் நோயாளியின் கையில் கொடுக்கப்படும் அச்சிட்ட உணவுப் பட்டியல்களில் ரொட்டி, பாஸ்தா, பீர் என்று மேல்நாட்டுச் சமையலறைக்குரிய எச்சரிக்கைகள் வரிசையாக இருக்கும்; பெருங்காயம் என்ற சொல் இராது; உண்ணத்தக்கவை என்ற தலைப்பின் கீழ் சாம்பார் சாதம் இருக்கும். நானும் பணியின் தொடக்கத்தில் அத்தகைய பட்டியலைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறுவனின் பாட்டி மஞ்சள் நிறப் பெருங்காய டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, "இதுல மைதான்னு போட்டிருக்கே, குழந்தைக்கு ஆகுமா?" என்று கேட்ட பிறகே எனக்கு உறைத்தது. அன்று அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே அரிசி மாவு சேர்த்ததாகத் தெளிவாக அச்சிட்ட பெருங்காயத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பூண்டும் சுக்கும் போதும். சாம்பார்ப் பொடி, ஊறுகாய், அப்பளம், கடை முறுக்கு ஆகியவற்றிலும் அதே பெருங்காயம்தான் இருக்கும். பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். டிடிஜி முழுவதும் சாதாரண நிலைக்கு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஆனால் எட்டு மாதத்தில் அசையவே இல்லையென்றால் எங்கிருந்தோ கோதுமை வந்துகொண்டிருக்கிறது. அடுத்த சந்தேகம் கீழே உள்ள கேள்வியில் இருக்கிறது.

கேள்வி: கேழ்வரகை மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாமா? (தருமபுரி வாசகி)

பதில்: கேழ்வரகில் குளூட்டன் இல்லை, மில்லில் இருக்கிறது. தங்களுக்கு முன்னால் நின்றவர் பெரும்பாலும் கோதுமைதான் அரைத்திருப்பார். அந்த மாவு கல்லிடுக்கிலும், மாவு இறங்கும் துணிக் குழாயின் மடிப்புகளிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் தானியத்தோடு கீழே இறங்கும். ஒரு படி அரிசியை முதலில் ஓட்டிவிட்டால் போதும் என்பது தவறு. துணியை யாரும் மாற்றுவதில்லை. முழுத் தானியமாக வாங்கிக் கழுவி, உலர்த்தி, கோதுமை படாத மிக்ஸியில் அரைத்து, இதற்கென்றே வைத்திருக்கும் சல்லடையில் சலியுங்கள். தினை, சாமை, வரகு, கம்பு அனைத்துக்கும் இதுவே முறை.

கேள்வி: ஓட்ஸ்? (பெயரும் ஊரும் இல்லை)

பதில்: இவ்வளவுதான் கடிதம். ஓட்ஸ் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடுகிறது. குளூட்டன் இல்லை என்று அச்சிடாத ஓட்ஸ் வேண்டாம். நம் நாட்டு விதிப்படி அந்தச் சொற்களை அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது.

கேள்வி: எடை குறைய வேண்டும் என்பதற்காகக் குளூட்டனை விடலாமா? (சென்னை வாசகர்)

பதில்: சப்பாத்தியை விட்டுவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டால் எடை எப்படிக் குறையும்?

கேள்வி: எனக்குச் சீலியாக் உண்டு. ஞாயிறு திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்கலாமா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனது. குளூட்டன் அறவே நீக்கிய அப்பத்தைத் திருப்பலியில் பயன்படுத்தலாகாது என்றும், குளூட்டன் குறைந்த அப்பத்தைப் பயன்படுத்தலாம் என்றும் 2017 ஆம் ஆண்டு வத்திக்கான் கடிதம் ஒன்று விளக்கியுள்ளது. அதை வரவழைத்துத் தனிக் கிண்ணத்தில் வைக்குமாறு பங்குத்தந்தையிடம் கேளுங்கள்; கிடைக்காத நாளில் திராட்சை இரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளவும் வழியுண்டு.

கேள்வி: கேழ்வரகு ரொட்டி தட்டும்போதே விரிசல் விட்டு உதிர்கிறது. (தஞ்சை வாசகி)

பதில்: பச்சைத் தண்ணீரில் பிசைகிறீர்கள் என்று நினைக்கிறேன். கோதுமையை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் இதில் இல்லாததால், மாவின் ஒரு பகுதியை வேகவைத்து அந்தப் பசையைப் பிடிமானமாக்க வேண்டும். ஒரு கப் தண்ணீரில் உப்பிட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, ஒரு கப் மாவைக் கொட்டிக் கரண்டிக் காம்பால் கிளறி, பத்து நிமிடம் மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டிலேயே அழுத்திப் பிசைந்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டுங்கள். அப்போதும் விரிந்தால் ஒரு தேக்கரண்டி இசப்கோல் உமியை மாவோடு கலந்துகொள்ளலாம். கல் மட்டும் சப்பாத்தி போடாத கல்லாக இருக்கட்டும்.