கல்லூரியில் ஓபிஇ (விளைவு சார்ந்த கல்வி) முறையால் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உண்மையிலேயே பயன் உண்டா?

பொறியியல் கல்லூரியில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்ற கணினிப் பாடம் நடத்துகிறேன். நான் பார்த்தவரை, வினாத்தாள் தயாரிக்கும்போது பயன் உண்டு. மற்றபடி பெரும்பாலும் எக்செல் வேலைதான்.

பாடம் முடிந்தபின் மாணவனால் என்ன செய்ய முடிகிறது என்று பார்ப்பதுதான் ஓபிஇ. பொறியியல் படிப்புகளை நாடுகள் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-ல் இந்தியா முழு உறுப்பினரானது. அப்புறம் என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் தேடும் பொறியியல் கல்லூரி எதுவும் இதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

மாணவர்களுக்குத் தெரிந்த ஓபிஇ, கேள்விக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'சிஓ2, கே3' மட்டுமே. சிஓ என்பது அந்தப் பாடத்தில் எட்ட வேண்டிய இலக்கு, கே என்பது கேள்வி கேட்கும் சிந்தனையின் நிலை. "சார், கே1 எத்தனை வரும்?" என்பார்கள். கே1 என்றால் மனப்பாடக் கேள்வி. செமஸ்டர் முடிவில் எக்ஸிட் சர்வே அனுப்பினால், படிக்காமலே எல்லாவற்றுக்கும் 3 போட்டு அனுப்பிவிடுவார்கள். அதுவும் அட்டெயின்மென்ட் (இலக்கை எவ்வளவு எட்டினார்கள் என்ற) கணக்கில் சேரும்!

எங்கள் பாடு வேறு. ஒவ்வொரு சிஓவையும் ஒவ்வொரு பிஓவோடும் (பட்டப்படிப்பு முழுவதற்குமான இலக்கு), எவ்வளவு தொடர்பு என்று 1, 2, 3 போட்டுப் பொருத்த வேண்டும். பிஓக்களில் சுற்றுச்சூழலும் வரும்; தரவுகளைச் சங்கிலிபோல் கோக்கும் லிங்க்டு லிஸ்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் கட்டம் காலியாக இருந்தால் நன்றாக இருக்காதே என்று 1 போடுகிறவர்கள் உண்டு.

நல்லது எங்கே என்றால், முன்பு "ஸ்டாக் என்றால் என்ன? விளக்குக" என்று கேட்போம். கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்குதான் ஸ்டாக். கே3, அதாவது படித்ததைப் பயன்படுத்திப் பார்க்கும் கேள்வி வேண்டும் என்றதும், ஒரு கணிதக் கோவையைக் கொடுத்து, அதில் அடைப்புக்குறிகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்று ஸ்டாக் வைத்துச் சோதிக்கச் சொன்னேன். ஒவ்வொரு படியிலும் ஸ்டாக்கில் என்ன இருக்கிறது என்றும் எழுத வேண்டும். நோட்ஸை மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டார்கள். யாருக்குப் புரியவில்லை என்று அன்றுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சிக்கலும் அங்கேதான். அட்டெயின்மென்ட் இறங்கியது, ஏன் குறைந்தது என்று மேலிருந்து கேள்வி வந்தது. மாணவனின் குறையைக் கண்டுபிடிக்க வேண்டிய எண்ணே ஆசிரியரை எடைபோடவும் பயன்பட்டால், அடுத்த முறை யார்தான் கடினமாகக் கேட்பார்கள்? கேள்வி இளகும், எண் ஏறும், ஃபைல் அழகாக இருக்கும்.

நீங்கள் மாணவர் என்றால், பிஓ அட்டவணையை விட்டுவிடுங்கள். சிலபஸில் இருக்கும் சிஓக்களை மட்டும் எடுத்து, புத்தகத்தை மூடிவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்.